வங்கி மாறலாம், கிரெடிட் கார்ட் இருக்கட்டும்: பிரித்தானியாவில் கணக்கு மாற்றுவோரின் கேள்விகளும் பதில்களும்

பிரித்தானிய வங்கிகள் ஆள் சேர்க்கப் போட்டி போடும் காலங்களில் "கணக்கை எங்களிடம் மாற்றுங்கள், 150 பவுண் தருகிறோம், 175 பவுண் தருகிறோம்" என்று விளம்பரம் வரும். மாற்ற ஆசைதான். ஆனால் வருடக் கணக்காகப் பாவிக்கும் கிரெடிட் கார்ட் பழைய வங்கியில் இருப்பதால் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் என்று நம்மவர்கள் இருக்கும் இடமெல்லாம் இது பற்றி அடிக்கடி காதில் விழும் கேள்விகள் இவை. பதில்கள் தனிப்பட்ட நடைமுறைக் கணக்கை (கரண்ட் அக்கவுண்ட்) மனதில் வைத்து எழுதப்பட்டவை. கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

நடைமுறைக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினால் பழைய வங்கியின் கிரெடிட் கார்டும் போய்விடுமா?

போகாது. ஒரே வங்கி, ஒரே ஆப், ஒரே நிற லோகோ என்பதால் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது. உண்மையில் அவை இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். கார்ட் என்பது 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் கீழ் வரும் கடன் ஒப்பந்தம். நடைமுறைக் கணக்கை மூடினாலும் கார்டின் நம்பர், லிமிட், வட்டி வீதம், கட்ட வேண்டிய பாக்கி எல்லாம் அப்படியே இருக்கும். கடைசியாகச் சொன்ன பாக்கியும் அப்படியேதான் இருக்கும் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் இதை யோசித்துப் பாருங்கள். பார்க்ளேகார்ட் 1966இல் வந்தது. பார்க்ளேஸில் கணக்கே இல்லாமல் அதை வைத்திருப்பவர்கள் ஏராளம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் எம்பிஎன்ஏயும் இங்கே நடைமுறைக் கணக்கே தருவதில்லை. அவர்களின் கார்டுகளை வைத்திருக்கும் எல்லோரும் வேறொரு வங்கியிலிருந்துதான் பில் கட்டுகிறார்கள். கணக்கை மாற்றிய பிறகு நீங்களும் அப்படி ஒருவர் ஆகிறீர்கள், அவ்வளவுதான்.

கணக்கு போய்விட்டது என்று கோபித்து வங்கி கார்டை மூடிவிடாதா?

கோபித்துக்கொள்ள அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. முடிவுத் திகதி இல்லாத கடன் ஒப்பந்தத்தை வங்கி தானாக முடிக்க விரும்பினால் குறைந்தது 2 மாத முன்னறிவித்தல் எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். லிமிட்டைக் குறைப்பது அவர்கள் கையில்தான். ஆனால் கார்டை நீங்கள் பாவித்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தால், உங்கள் சம்பளம் எந்த வங்கியில் விழுகிறது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருப்பதில்லை.

"ஏழு நாளில் மாற்றித் தருவோம்" என்கிறார்களே, அதில் எதெல்லாம் மாறும், எது மாறாது?

அந்தச் சேவையின் பெயர் கரண்ட் அக்கவுண்ட் சுவிட்ச் சேர்விஸ். சேர் ஜோன் விக்கர்ஸ் தலைமையிலான வங்கி ஆணைக்குழு 2011இல் செய்த பரிந்துரையின் பேரில் 2013 செப்டம்பரில் தொடங்கியது. பே.யூகே என்ற அமைப்பு நடத்துகிறது. 50க்கும் மேற்பட்ட வங்கிகளும் பில்டிங் சொசைட்டிகளும் இதில் இருக்கின்றன. மொன்ஸோ, ஸ்டார்லிங் போன்ற ஆப் வங்கிகளும் அடக்கம். நீங்கள் புதிய வங்கியில் மட்டும் விண்ணப்பித்தால் போதும். பழைய வங்கிக்குப் போன் எடுத்து "நான் போகிறேன்" என்று சொல்லத் தேவையில்லை.

ஏழு நாள் என்றால் ஏழு வேலை நாள். சனி, ஞாயிறு, பேங்க் ஹொலிடே கணக்கில் வராது. ஈஸ்டர், கிறிஸ்மஸ் நாட்களில் தொடங்கினால் நாட்காட்டியில் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடிவிடும்.

மாறுபவை: மீதிக் காசு, டைரக்ட் டெபிட்கள் (நிறுவனங்கள் உங்கள் அனுமதியோடு கணக்கிலிருந்து தாங்களே எடுப்பவை), ஸ்டாண்டிங் ஓர்டர்கள் (ஒரே தொகையைக் குறித்த நாளில் அனுப்பும்படி நீங்கள் வங்கிக்குச் சொல்லி வைத்தவை), காசு அனுப்புவதற்காக நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பெயர்கள், உள்ளே வரும் சம்பளமும் சைல்ட் பெனிஃபிட்டும். யாராவது தவறிப் பழைய கணக்குக்குக் காசு போட்டாலும் 36 மாதங்களுக்கு அது தானாகப் புதிய கணக்குக்கு வந்துவிடும்.

மாறாதவை: கிரெடிட் கார்ட், சேமிப்புக் கணக்கு, ஐசா என்ற வரியில்லாச் சேமிப்பு, பேர்சனல் லோன், பழைய ஓவர்டிராஃப்ட் வசதி (கணக்கில் உள்ளதற்கு மேல் எடுக்க விடுவது), டெபிட் கார்ட் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கும் மாதாந்தக் கட்டணங்கள். இந்தக் கடைசி விஷயத்துக்குக் கீழே தனியாக வருகிறேன், ஏனென்றால் தலைவலி அங்கேதான் தொடங்கும்.

அப்படியானால் கார்ட் பில்லை இனி எப்படிக் கட்டுவது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கார்டுக்கு ஒன்றும் ஆகாது. கார்டுக்குக் காசு போகும் வழிதான் மாறுகிறது. இதுவரை நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்து பதில் வேறு.

டைரக்ட் டெபிட்டில் கட்டியிருந்தால் அது மற்ற டைரக்ட் டெபிட்களோடு சேர்ந்து புதிய கணக்குக்குப் போய்விட வேண்டும். கார்ட் வேறு நிறுவனத்துடையது என்றால் இதில் பொதுவாகப் பிரச்சினை வருவதில்லை. கார்டும் கணக்கும் ஒரே வங்கி என்றால் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே வங்கிக்குள் நடக்கும் கொடுப்பனவை எல்லா வங்கியும் வழக்கமான டைரக்ட் டெபிட்டாக வைத்திருப்பதில்லை. உள்ளுக்குள்ளே காசை நகர்த்தும் ஏற்பாடாகவும் அது இருக்கலாம். அப்படிப்பட்டது தானாக மாறும் என்று நம்பியிருக்கக் கூடாது. மாற்றத்துக்கு முன் உங்கள் கணக்கின் டைரக்ட் டெபிட் பட்டியலைத் திறந்து பாருங்கள். கவுன்சில் டாக்ஸ், மின்சாரம், தண்ணீர் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் உங்கள் கார்டின் பெயரும் இருக்கிறதா? இல்லையென்றால் கார்ட் பிரிவுக்கு ஒரு போன் எடுத்து, புதிய கணக்கிலிருந்து எடுக்கும்படி புது டைரக்ட் டெபிட் போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை ஆப்பில் "கார்டுக்குக் கட்டு" என்ற பட்டனை அழுத்தி மாதாமாதம் கையால் கட்டியவரா? அந்தப் பட்டன் காசை எடுத்த கணக்கு இனி இல்லை. புதிய வங்கியிலிருந்து சாதாரண பேங்க் டிரான்ஸ்பர் செய்ய வேண்டும். கார்ட் ஸ்டேட்மென்டில் வங்கிக் கிளையைக் குறிக்கும் 6 இலக்க சோர்ட் கோடும் 8 இலக்கக் கணக்கு நம்பரும் இருக்கும். அது கார்ட் வங்கியின் பொதுக் கணக்கு, உங்களுடையது அல்ல. எனவே பெயர் கேட்கும் இடத்தில் ஸ்டேட்மென்டில் உள்ள பெயரைப் போடுங்கள். உங்கள் பெயரைப் போட்டால் "பெயர் பொருந்தவில்லை" என்று எச்சரிக்கை வரும். ரெஃபரன்ஸ் என்ற கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அநேகமான வங்கிகளுக்கு அங்கே கார்டின் 16 இலக்க நம்பரைப் போட வேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தால் காசு வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், உங்கள் கார்டில் மட்டும் ஏறாது. முதல் தடவை 5 பவுண் அனுப்பி, அது கார்டில் ஏறிய பிறகு மீதியை அனுப்புவது நல்ல பழக்கம்.

எந்த நாளில் மாற்றினால் கார்ட் பில் சிக்காமல் போகும்?

மாற்றும் நாளை நீங்கள்தான் தெரிவு செய்கிறீர்கள். அந்த உரிமையைப் பலர் பாவிப்பதே இல்லை. திரையில் வரும் முதல் திகதிக்கே சரி என்று அழுத்திவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம். உங்கள் கார்ட் ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு மாதமும் 26ஆம் திகதி வருகிறது. டைரக்ட் டெபிட் அடுத்த மாதம் 20ஆம் திகதி எடுக்கிறார்கள். அப்படியானால் 20ஆம் திகதிக் காசு பழைய கணக்கிலிருந்து போய்விட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு, 22 அல்லது 23ஆம் திகதியை மாற்றும் நாளாக வையுங்கள். அடுத்த முறை காசு எடுக்க ஏறத்தாழ நான்கு வாரம் இருக்கும். அதற்குள் டைரக்ட் டெபிட் புதிய கணக்கில் தெரிகிறதா என்று பார்த்து, தெரியாவிட்டால் சரிசெய்ய நேரம் தாராளம். 18 அல்லது 19ஆம் திகதியை வைத்தாலும் அநேகமாகச் சரியாக நடக்கும். ஆனால் "அநேகமாக" என்ற சொல்லை நம்பிப் படுக்கப் போக வேண்டிய அவசியம் என்ன?

சம்பள நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம், வீட்டு வாடகை, கார்ட் மூன்றும் ஒரே வாரத்தில் வருபவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

முன்கூட்டியே நானே கார்டின் டைரக்ட் டெபிட்டைப் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டால்?

செய்யலாம், ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யாதீர்கள். மாற்றும் சேவை நடந்துகொண்டிருக்கும் அதே வாரத்தில் நீங்களும் கார்ட் வங்கிக்குப் போன் எடுத்து விபரங்களை மாற்றினால், இரண்டு பக்கமிருந்தும் தகவல் போய், பழையது ரத்தாகும்போது புதியதும் குழம்பலாம். ஒன்று, சேவையிடம் விட்டுவிட்டுப் பிறகு சரிபாருங்கள். அல்லது, புதிய கணக்கு திறந்ததும் மாற்றம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே நீங்களே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: புது டைரக்ட் டெபிட் போட்டால் அந்த மாத பில்லுக்கு அது பொருந்தாமல் போகலாம். ஸ்டேட்மென்ட் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் "இந்த மாதத்துக்கு வேறு வழியில் கட்டுங்கள்" என்பார்கள். அந்த வரி சிறிய எழுத்தில் இருக்கும். சந்தேகமான மாதத்தில் குறைந்தபட்சத் தொகையையாவது கையால் கட்டிவிடுங்கள். பிறகு டைரக்ட் டெபிட்டும் வந்து எடுத்துக் கூடுதலாகக் கட்டுப்பட்டாலும் காசு தொலையாது. கார்டில் உங்கள் பக்கம் வரவாக நிற்கும், திருப்பியும் கேட்கலாம்.

ஒரு மாதம் தவறிவிட்டால் என்ன நடக்கும்?

பிந்திக் கட்டியதற்கு வழக்கமாக 12 பவுண் அபராதம். இந்த 12 எங்கிருந்து வந்தது என்றால், 2006இல் நுகர்வோர் நலனைக் கவனித்த அப்போதைய ஃபெயார் டிரேடிங் அலுவலகம் 12 பவுணுக்கு மேல் அறவிடுவதை நியாயமற்றதாகக் கருதுவோம் என்று சொன்னது. அன்றிலிருந்து அநேகமான கார்டுகள் அந்தத் தொகையிலேயே நிற்கின்றன. அபராதத்தைவிடப் பெரியது, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் விழும் குறி. தவறிய கொடுப்பனவு 6 வருடங்களுக்கு அங்கே இருக்கும். பாக்கியை மாதாமாதம் முழுவதும் கட்டி வட்டியே இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு அந்த மாதம் வட்டியும் ஏறும்.

கவனித்தவுடன் உடனே கட்டுங்கள், பிறகு கார்ட் வங்கிக்குப் போன் எடுங்கள். கணக்கு மாற்றும்போது டைரக்ட் டெபிட் வரவில்லை என்று சொன்னால், அதுவரை ஒழுங்காகக் கட்டியவருக்குப் பெரும்பாலும் முதல் அபராதத்தை நல்லெண்ணத்தில் நீக்கிவிடுகிறார்கள். அவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது அல்ல, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

மாற்றும் சேவைக்கு உத்தரவாதம் இருக்கிறதே, அது இந்த அபராதத்தைத் தராதா?

உத்தரவாதத்தை வாசித்துப் பாருங்கள். மாற்றத்தில் ஏதும் பிழைத்தால் உங்கள் பழைய அல்லது புதிய நடைமுறைக் கணக்கில் விழுந்த வட்டியையும் கட்டணங்களையும் திருப்பித் தருவோம் என்கிறது. நடைமுறைக் கணக்கில். கிரெடிட் கார்டில் விழுந்த அபராதம் அந்த வாசகத்துக்குள் நேரடியாக வரவில்லை. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை: பிழை வங்கியுடையது என்றால் அதனால் வந்த நட்டத்துக்கு முறைப்பாடு செய்து கேட்கலாம். ஆனால் "உத்தரவாதம் இருக்கிறது, ஒன்றும் பார்க்கத் தேவையில்லை" என்று இருப்பவர்கள் அது எதுவரை நீள்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மாற்றிய பிறகு ஆப் திறக்கவில்லை, கார்டைப் பார்க்க முடியவில்லை. ஏன்?

எதிர்பாராத இடத்தில் ஆட்களை மாட்டிவிடுவது இதுதான். ஆப்பில் நீங்கள் பதிவு செய்தபோது நடைமுறைக் கணக்கின் நம்பரையும் டெபிட் கார்டையும் வைத்தே பதிந்திருப்பீர்கள். சில வங்கிகளில் கார்ட் ரீடர் என்ற சின்ன மெஷினில் டெபிட் கார்டைச் செருகித்தான் உள்ளே போக வேண்டும். கணக்கு மூடியதும் டெபிட் கார்டும் செத்துவிடும், அத்தோடு நீங்கள் உள்ளே போகும் வழியும் அடைபடலாம். சில வங்கிகளில் கிரெடிட் கார்ட் மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதே ஆப் சிரமமில்லாமல் தொடரும். சிலவற்றில் கார்ட் நம்பரை வைத்துப் புதிதாகப் பதிய வேண்டும்.

பில் பார்ப்பதற்கு மட்டும் இது தேவை என்று நினைக்காதீர்கள். 2022 மார்ச் முதல் இணையத்தில் கார்டால் வாங்கும்போது பல தடவை ஆப்பைத் திறந்து "நான்தான்" என்று உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப் போனால் கார்ட் பையில் இருந்தும் இணையத்தில் ஒன்றும் வாங்க முடியாமல் போகலாம். அதனால் மாற்றுவதற்கு முன்பே வங்கியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கிரெடிட் கார்ட் மட்டும் இருந்தால் நான் எப்படி லொகின் செய்வது?" வங்கியிடம் இருக்கும் உங்கள் மொபைல் நம்பர் இப்போதையதுதானா என்றும் பாருங்கள். பழைய நம்பரே அங்கே கிடந்தால் வங்கி அனுப்பும் உறுதிப்படுத்தும் குறியீடு யாருக்கோ போகும்.

பழைய கணக்கின் ஸ்டேட்மென்ட்களையும் அதே தடவை இறக்கி வைத்துவிடுங்கள். வீட்டுக் கடனுக்கோ விசாவுக்கோ பிறகு கேட்பார்கள். ஆப் மூடிய பிறகு அவற்றைத் தபாலில் எடுப்பதற்கு நாட்கள் பிடிக்கும்.

நெட்ஃபிளிக்ஸ், ஜிம், ஊருக்குக் காசு அனுப்பும் ஆப், இதெல்லாம் தானாக மாறுமா?

இவை எந்த வழியாகக் காசு எடுக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். சோர்ட் கோடும் கணக்கு நம்பரும் கொடுத்திருந்தால் அது டைரக்ட் டெபிட், மாறும். டெபிட் கார்டின் நீள நம்பரைக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், மாறாது. புதிய டெபிட் கார்டை நீங்களே போய்ப் பதிய வேண்டும். பட்டியலை நினைவில் தேட வேண்டாம்: பழைய கணக்கின் கடைசிப் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கும் கார் பிரேக்டவுன் கவர், வெப்சைட் பெயர்க் கட்டணம் போன்றவை மூன்று மாத ஸ்டேட்மென்டில் தெரியாது.

கிரெடிட் கார்டை வைத்திருப்பதன் ஒரு நன்மை இங்கே தெரியும். சந்தாக்களைக் கிரெடிட் கார்டில் போட்டிருந்தால், வங்கி எத்தனை தடவை மாறினாலும் அவற்றை அசைக்க வேண்டியதில்லை. கார்ட் நம்பர் மாறவில்லை, அதனால் சந்தாவும் மாறவில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ காசு அனுப்பும் ஆப்பில் அதே வேலையைச் செய்யாதீர்கள். கிரெடிட் கார்டால் காசு அனுப்புவதைப் பல வங்கிகள் ஏடிஎம்மில் காசு எடுத்ததாகவே கணக்கிடும். தனிக் கட்டணம் போகும், வட்டி அன்றைய நாளிலிருந்தே ஓடும். அதற்குப் புதிய டெபிட் கார்ட்தான் சரி.

சீட்டுக் காசு, கோயில் நன்கொடை, தமிழ்ப் பள்ளிக் கட்டணம்?

ஸ்டாண்டிங் ஓர்டராக இருந்தால் சேவையே மாற்றிவிடும். முதல் மாதம் மட்டும் போனதா என்று பாருங்கள். சீட்டுக் கழிவை உங்கள் கணக்குக்கு அனுப்புபவரிடம் புதிய நம்பரைச் சொல்லிவிடுங்கள். பழைய நம்பருக்குப் போட்டாலும் வந்து சேரும், ஆனால் பெயர் சரிபார்க்கும்போது "இந்தக் கணக்கு மாறிவிட்டது" என்று திரையில் வந்தால் அவர் பயந்துவிடுவார்.

என் கார்டில் 0% வட்டிச் சலுகையில் பாக்கி இருக்கிறது. மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். 0% சலுகையின் நிபந்தனைகளில், ஒரு கொடுப்பனவு தவறினால் சலுகையை நிறுத்தலாம் என்று பெரும்பாலும் இருக்கும். 3,000 பவுண் பாக்கிக்குச் சாதாரண வட்டி ஏறத் தொடங்கினால், கணக்கு மாற்றியதற்குக் கிடைத்த 150 பவுண் சில மாதங்களில் கரைந்துவிடும். மாற்றும் மாதத்தில் குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே கையால் கட்டிவிடுவது என் ஆலோசனை.

பழைய வங்கியிலேயே கார்ட் கடன் அதிகம். கணக்கை வெளியே கொண்டுபோவது நல்லதா?

கட்டச் சிரமப்படுகிறீர்கள் என்றால், ஆம், நல்லது. உங்கள் நடைமுறைக் கணக்கும் கடனும் ஒரே வங்கியில் இருந்து, கடன் தவணை பிந்தினால், வங்கிக்குச் சில நிபந்தனைகளோடு ஒரு உரிமை இருக்கிறது: உங்கள் கணக்கில் கிடக்கும் காசை எடுத்துக் கடனில் கழிக்கலாம். சம்பளம் விழுந்த அன்று வாடகைக்கு வைத்திருந்த காசு குறைந்திருப்பதைக் காலையில் எழும்பிப் பார்க்கும் நிலை அது. கடன் ஆலோசனை தருபவர்கள், கடன் இல்லாத வேறொரு வங்கியில் கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றச் சொல்வது இதனால்தான். கடனிலிருந்து தப்பும் வழி அல்ல இது. எந்தக் கடனுக்கு எவ்வளவு கட்டுவது என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும், அவ்வளவே. ஸ்டெப்சேஞ்ச் போன்ற தொண்டு அமைப்புகள் இலவசமாக ஆலோசனை தருகின்றன. வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்திருப்பதைவிட அவர்களிடம் பேசுவது மேல்.

ஓவர்டிராஃப்டில் இருக்கிறேன். மாற்ற விடுவார்களா?

புதிய வங்கி அதே அளவு ஓவர்டிராஃப்ட் தரச் சம்மதித்தால் சுலபம். இல்லையென்றால் பழைய வங்கியின் பாக்கியை நீங்கள் கட்டித் தீர்க்க வேண்டும். அதைத் தீர்க்கக் கிரெடிட் கார்டில் காசு எடுக்காதீர்கள்.

கிரெடிட் ஸ்கோர் அடிபடுமா?

புதிய கணக்குக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கும். ஆழமான தேடல் (ஹார்ட் சேர்ச்) என்றால் அது பொதுவாக 12 மாதம் அங்கே தெரியும். ஒரு தேடலால் பெரிய பாதிப்பு இல்லை. வீடு வாங்க மோட்கேஜ் விண்ணப்பிக்கப் போகிறவர்கள் மட்டும் அது முடியும்வரை பொறுத்திருங்கள், வங்கி மாறுவது ஓடிப்போய்விடாது.

பழைய கார்டை வைத்திருப்பது இங்கே உங்களுக்குச் சாதகம். நீண்ட நாள் ஒழுங்காக ஓடிய கடன் வரலாறு அது. லிமிட்டில் கொஞ்சம் மட்டும் பாவித்து மீதியை விட்டு வைத்திருப்பதையும் கடன் கொடுப்பவர்கள் விரும்புவார்கள். கார்டையும் சேர்த்து மூடினால் அந்த லிமிட் போய்விடும். 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கிக் கடை கைவிரித்தால், கார்ட் நிறுவனமும் பொறுப்பு என்ற, மேலே சொன்ன நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் பாதுகாப்பும் டெபிட் கார்டுக்குக் கிடையாது. விமான டிக்கெட் வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

கணக்கோடு சேர்ந்து வந்த சலுகைகள்?

இதில் மட்டும் நீங்கள் எதையாவது இழக்கக்கூடும். சில வங்கிகள் தங்களிடம் நடைமுறைக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கார்டின் வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன, அல்லது கூடுதல் கேஷ்பேக் தருகின்றன. கணக்கு போனால் கார்ட் இருக்கும், தள்ளுபடி இருக்காது. கேஷ்பேக் காசு எந்தக் கணக்கில் விழுகிறது என்றும் பாருங்கள். பழைய கணக்கு என்றால் மாற்றத்துக்கு முன் எடுத்துவிடுங்கள். மாதக் கட்டணம் கட்டி வைத்திருக்கும் பேக்கேஜ் கணக்கோடு வந்த பயணக் காப்புறுதி இருந்தால் அது கணக்கோடு போய்விடும். ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டு நடுவில் மாற்றுபவர்கள் கவனம்.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கு என்றால்?

கூட்டுக் கணக்கை மாற்ற இருவரும் சம்மதிக்க வேண்டும். தனிக் கணக்கைக் கூட்டுக் கணக்குக்கு மாற்றலாம். கூட்டுக் கணக்கை ஒருவரின் தனிக் கணக்குக்கு இந்தச் சேவையால் மாற்ற முடியாது. கிரெடிட் கார்ட் எப்போதும் ஒருவர் பெயரில்தான். மனைவி கையில் அதே கார்டின் இன்னொரு பிரதி இருந்தாலும் கடன் உங்கள் தலையில். கூட்டுக் கணக்கு திறந்தால் இருவரின் கிரெடிட் ரிப்போர்ட்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய கணக்கை மூடாமலே சலுகைக் காசை வாங்க முடியாதா?

கணக்கை மூடாமல் சிலவற்றை மட்டும் நகர்த்தும் அரை மாற்றத்தைச் சில வங்கிகள் செய்து தரும். ஆனால் அதற்கு ஏழு நாள் உத்தரவாதமும் இல்லை, 36 மாதத் திசைதிருப்பலும் இல்லை. பெரும்பாலும் சலுகைக் காசும் இல்லை. பலர் செய்வது என்னவென்றால், இரண்டாவதாக ஒரு நடைமுறைக் கணக்குத் திறந்து, சலுகைக்குப் புதிய வங்கி கேட்கும் எண்ணிக்கையில் டைரக்ட் டெபிட்களை அங்கே போட்டு, அந்த இரண்டாவதை மாற்றுவது. சம்பளக் கணக்கும் கார்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். நிபந்தனைகளில் இடமிருந்தால் இதில் பிழையில்லை. கார்ட் விஷயத்தில் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

கடைக் கணக்கும் கார்டும்?

50க்கு மேல் வேலையாட்கள் இல்லாத, வருட விற்பனை 65 லட்சம் பவுணைத் தாண்டாத சிறு வியாபாரங்களும் இதே சேவையில் மாறலாம். ஆனால் இந்தப் பக்கத்தின் முதல் பதில் வியாபாரக் கார்டுக்கு அப்படியே பொருந்தாது. வியாபார கிரெடிட் கார்டைத் தங்கள் வியாபாரக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் தரும் வங்கிகள் இருக்கின்றன. கணக்கு போனால் கார்டும் போகலாம். கேஷ் அண்ட் கெரி என்ற மொத்த விற்பனைக் கடைகளில் அந்தக் கார்டை நம்பிச் சரக்கு எடுப்பவர்கள் மாற்றும் படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்ட் மெஷினிலிருந்து வரும் காசு எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதையும் மெஷின் நிறுவனத்திடம் நேரடியாக மாற்றிவிடுங்கள்.

எல்லாம் குழம்பிவிட்டது, வங்கியும் கேட்கவில்லை. எங்கே போவது?

முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு: என்ன திகதியில் என்ன நடந்தது, எவ்வளவு நட்டம், என்ன வேண்டும். இறுதிப் பதில் தர அவர்களுக்குப் பொதுவாக 8 வாரம் இருக்கிறது. பதில் திருப்தியில்லை என்றாலோ 8 வாரமும் பதிலே இல்லை என்றாலோ வங்கிகள் மீதான முறைப்பாடுகளைத் தீர்த்துவைக்கும் ஃபினான்சியல் ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். இலவசம். இறுதிப் பதில் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஆங்கிலத்தில் பேசச் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம், அல்லது மகனோ மகளோ உங்கள் சார்பில் பேச அனுமதி எழுதிக் கொடுக்கலாம். பிழை மாற்றும்போது நடந்தது என்றால் பழைய வங்கி, புதிய வங்கி, கார்ட் வங்கி என்று மூன்று பேர் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். முறைப்பாட்டைப் புதிய வங்கியிடமிருந்து தொடங்குங்கள், மாற்றத்தை நடத்தியவர்கள் அவர்கள்தான்.